கோயில் மண்டபத்தில் விரிந்த கடல்

கடலுக்கு அடியில் இருக்கும் தரை எப்படி உண்டாகிறது என்பதைப் பத்துப் பேருக்கு விளக்க வேண்டிய நிலைமை எனக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. அதுவரை நான் கடலைப் பார்த்தது மொத்தமே மூன்று தடவை. முதல் தடவை, மலையிலிருந்து தாப்பா ஊருக்கு இறங்கும் வளைவுகளில் வாந்தி எடுத்தே களைத்துப்போய், கடற்கரையில் கால் வைத்ததும் ஒரு மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டேன். இரண்டாவது தடவை நல்ல மழை. மூன்றாவது தடவைதான் ஒழுங்காகப் பார்த்தேன், அதுவும் மேலாக. அடியில் என்ன இருக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. மணல் இருக்கும், மீன் இருக்கும், யாரோ தொலைத்த ஜப்பான் சிலிப்பர் ஒன்று இருக்கும். அவ்வளவுதான் என் கணிப்பு.

நாங்கள் இருப்பது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். நான் தொழிற்சாலையில் தூளை பாக்கெட் போடும் பிரிவில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இரண்டும் படிப்புக்காகக் கீழே இறங்கிப் போனதும் வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. வீட்டுக்காரர் டிவியில் பந்து விளையாட்டைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். இப்படியே எத்தனை நாள் என்று யோசித்து, வீட்டிலிருந்தே படிக்கும் பட்டப்படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். பாடம் புவியியல். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டவர்களிடம் விருப்பம் என்று சொன்னேன். உண்மையில் அதற்குத்தான் கணிதம் வேண்டியதில்லை என்று போட்டிருந்தது.

இரண்டாம் ஆண்டில் ஒரு செயல்முறைப் பாடம் வந்தது. எங்கள் விரிவுரையாளர் ஒரு மலாய்க்கார அம்மா, குரல் மிக மென்மையாக இருக்கும், கொடுக்கும் வேலை அப்படி இருக்காது. இயற்கையில் நடக்கும் ஏதாவது ஒன்றை, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத பத்துப் பேருக்காவது நேரில் விளக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்தே மாதிரி செய்து காட்ட வேண்டும். கேட்டவர்களில் ஒருவர் அதைத் தம் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் காணொளி எடுத்து அனுப்ப வேண்டும். தலைப்பை அவரே பதிவு எண்படி பிரித்துக் கொடுத்தார். எனக்கு முந்தின எண்ணுக்கு எரிமலை. அடுத்த எண்ணுக்கு மழை. மழை எனக்கு வந்திருந்தால் கதவைத் திறந்து காட்டியே முடித்திருப்பேன். எனக்கு வந்தது, கடலடித் தரை உண்டாவதும் விரிவதும்.

சாப்பாட்டு நேரத்தில் பாக்கெட் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். முதல் வாரம் ஒன்றும் ஏறவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. கடலுக்கு அடியில், நடுவாக, ஒரு மலைத்தொடர் உலகத்தையே சுற்றி ஓடுகிறது. அதன் முதுகில் நெடுக ஒரு வெடிப்பு. இரண்டு பக்கத்துத் தரையும் விலக விலக, கீழே இருக்கும் சூடான பாறை அந்த வெடிப்பு வழியாக உருகி மேலே வருகிறது. கடல்நீரின் குளிர்ச்சி பட்டதும் இறுகிப் புதுத் தரை ஆகிறது. அடுத்தது வரும்போது அது பாதியாகப் பிரிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துவிடுகிறது. ஆகவே வெடிப்புக்குப் பக்கத்தில் இருப்பது இளம் தரை, தள்ளிப் போகப் போகக் கிழத் தரை. கடைசியில் பல இடங்களில் அந்தக் கிழத் தரை ஆழமான பள்ளத்தில் சரிந்து மறுபடியும் பூமிக்குள் போய்விடுகிறது. வேகம், நம் கைவிரல் நகம் வளரும் அளவு.

இதை முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பந்து விளையாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் கேட்டார். அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும்.

"அப்ப கடல் பெருசாயிட்டே போவுதா?"

"ஒரு பக்கம் பெருசாவுது, இன்னொரு பக்கம் உள்ள போவுது. மொத்தத்துல பூமி அதே அளவுதான்."

"பின்ன என்னத்துக்கு இவ்வளவு வேலை?" என்றார் அவர். சத்தத்தை மறுபடியும் கூட்டிக்கொண்டார்.

மாதிரி செய்வது பெரிய பாடாக இருந்தது. சப்பாத்தி மாவைப் பிசைந்து, இரண்டு காய் வெட்டும் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, கீழிருந்து மாவை அழுத்தி மேலே வரவைத்தேன். அது இரண்டு பக்கமும் விரியவில்லை. நடுவில் ஒரு கட்டியாகப் புடைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மூலம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அந்தக் கடலடித் தரையைத்தான் சப்பாத்தியாகச் சாப்பிட்டோம்.

வேறு ஏதோ தேடி அலமாரியைத் திறந்தபோதுதான் வரிச்சேலை கண்ணில் பட்டது.

அந்தச் சேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தீபாவளிக்கு என் மாமியார் ஈப்போவில் எடுத்தது. இரண்டு மருமகள்களில் ஒருத்திக்கு நல்லதாகவும் இன்னொருத்திக்கு மட்டமாகவும் அமைந்துவிடக் கூடாது என்று ஒரே மாதிரி இரண்டு எடுத்தார். அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறியது, இரண்டுமே மட்டம். முந்தானையிலிருந்து கடைசி வரைக்கும் குறுக்காக அரக்குப் பட்டை, வெள்ளைப் பட்டை, அரக்கு, வெள்ளை. ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், ஒழுங்கே இல்லை. கட்டினால் வரிக்குதிரை நோயில் விழுந்தது போல இருக்கும். நான் ஒரே ஒரு தடவைதான் கட்டினேன்.

ஆனால் என் புத்தகத்தில் இருந்த கடலடிப் படமும் அச்சாக அப்படியேதான் இருந்தது. பூமியின் காந்தத்தில் வடக்கும் தெற்கும் பல தடவை இடம் மாறியிருக்கின்றனவாம். பாறை இறுகும் நேரத்தில் காந்தம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தத் திசையைப் பாறை தனக்குள்ளே பதித்துக்கொள்கிறது. அதனால் கடலடியில் பட்டை பட்டையாக இருக்கிறது. வெடிப்புக்கு இந்தப் பக்கம் என்ன வரிசையில் பட்டைகள் இருக்கின்றனவோ, அதே வரிசைதான் அந்தப் பக்கமும். தரை நடுவில் பிறந்து இரண்டு பக்கமும் போகிறது என்று ஆட்கள் நம்பியதே அதைப் பார்த்துத்தான்.

இரண்டு மேசைகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு, இரண்டு சேலைகளையும் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் இழுத்தால் போதும். கடல் விரிந்துவிடும். முனைகளில் கொழுந்து பறிக்கும் கூடை வைத்தால், சேலை அதற்குள் இறங்கும். பள்ளமும் ஆயிற்று.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது சேலை என் ஓரகத்தியிடம் இருந்தது. ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. நாங்கள் இரண்டு பேரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவர்கள் மலையிலேயே திரிங்காப்பு என்ற ஊரில் செவ்வந்தித் தோட்டம் போட்டு, அங்கேயே வீடும் கட்டி, பால் காய்ச்ச எங்களைக் கூப்பிட்டார்கள். நான் மூத்த மருமகள். என் கை படாமல் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. பள்ளி விடுமுறை நேரம். மலைக்கு வரும் காடிகள், அதாவது கார்கள், அத்தனையும் ஜேமாகி எங்களுக்கு முன்னால் நின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி, காய்ச்சி, எல்லாரும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "என்ன, எங்கள விட்டுட்டு அவசரமா பொங்கிடுச்சா?" என்றேன். அவள் சட்டென்று, "பாலுக்கு ஜேம் தெரியாதுக்கா" என்றாள். அங்கிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதோடு சரி.

வீட்டுக்காரரைச் சேலை வாங்கி வரச் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் வரமாட்டேன். வேணும்னா லோரியில எறக்கிவிடறேன், அவ்வளவுதான்" என்றார்.

அப்படியே செய்தார். ஒரு சனிக்கிழமை காலையில் என்னைத் திரிங்காப்பில் இறக்கிவிட்டு, தம்பியோடு கோப்பி குடிக்கப் போவதாகச் சொல்லிப் போய்விட்டார். பிளாஸ்டிக் கூரைகள் மலைச்சரிவெல்லாம் படிபடியாக இறங்கிக் கிடந்தன. ஓரகத்தி பூக் கட்டும் கொட்டகையில் நின்று செவ்வந்தித் தண்டுகளை ஒரே நீளமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோல் நின்றது. பிறகு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.

"பசியாறிட்டீங்களாக்கா?"

"ஆச்சு."

இரண்டு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு இதுதான். அதன் பின் இரண்டு பேரும் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நேராகவே கேட்டுவிட்டேன்.

"அத்த எடுத்துக் குடுத்த வரிச்சேலை ஒன்கிட்ட இருக்கா?"

அவள் கத்தரிக்கோலால் என் முதுகுக்குப் பின்னால் காட்டினாள். திரும்பிப் பார்த்தேன். கொட்டகையின் அந்தப் பாதியில் வெயில் விழாமல் இருக்க, கயிற்றில் சேலை நெடுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கமெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகப் பூச்சாறு.

"சுவத்துக்குத்தான் நல்லா இருக்கு" என்றாள். "இப்ப என்னத்துக்குக் கேக்கிறீங்க? யாருக்காவது குடுக்கவா?"

கடலைப் பற்றிச் சொன்னேன். வெடிப்பு, உருகிய பாறை, காந்தம், பட்டை எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவள் நறுக்கிய தண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே கேட்டாள். வேலையை நிறுத்தவில்லை, ஆனால் ஒரு கட்டை இரண்டு தடவை சுற்றினாள். கேட்கிறாள் என்று அதில் தெரிந்தது.

"சேலைய தர்றேன்" என்றாள் கடைசியில். "ஆனா என் சேலைய நான்தான் இழுப்பேன். வேற ஆளு கைவைக்கக் கூடாது."

அந்தச் சேலையால் இரண்டு வருடம் வெயிலை மறைத்தவள் சொல்கிற பேச்சா இது என்று வாய்வரை வந்தது. வந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் என்று ஏற்பாடு. வடையும் தேத்தண்ணியும் உண்டு என்று சொல்லி வைத்ததால் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்னதான மேசைகள் இரண்டைப் போட்டோம். மேசைக்கு அடியில் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் மடித்த சேலைகளோடு குந்தியிருந்தார்கள், நாங்கள் இழுக்க இழுக்க மேலே விட வேண்டியது அவர்கள் பொறுப்பு. இந்த முனையில் ஒரு முக்காலியில் நான், கையில் கோயில் மைக். அந்த முனையில் ஓரகத்தி. இரண்டு பேர் காலடியிலும் கூடை. என்னோடு வேலை செய்யும் பெண் ஹேண்ட்போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் இழுத்தோம். நடுவிலிருந்து இரண்டு அரக்குப் பட்டைகள் ஒரே நேரத்தில் எழும்பி, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பிரிந்தன. பின்னாலேயே இரண்டு வெள்ளை. முன்வரிசையில் ஒரு பெண் "அட" என்றாள்.

முன்வரிசையில் எங்கள் பழைய கங்காணி இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் கண்காணிப்பதிலிருந்து ஓய்வு பெறாதவர். கையைத் தூக்கினார்.

"எவ்வளவு வேகத்துல போவுதுன்னு சொன்னே?"

"நகம் வளர்ற வேகம் தாத்தா."

"அப்ப நாங்க வடைய சாப்பிட்டுட்டு வர்றோமே. வந்து பாத்தாலும் இதே எடத்துலதானே இருக்கும்."

அவர் எழுந்துவிடாமல் இருக்க வேகமாக இழுக்கும்படி ஆயிற்று. அடுத்து கோயில் தலைவர் கேட்டார், ஏன் அந்தப் பக்கத்துக் கடலில் மட்டும் மஞ்சள் கறை என்று. ஓரகத்தி என்னை முறைத்தாள். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. தரை உண்டான நாளிலிருந்து கடலில் செத்த நுண்ணுயிர்களும் தூசியும் மண்ணும் அதன் மேல் படிந்துகொண்டே இருக்கும், கிழத் தரையில் அதிகம் படிந்திருக்கும், அதைத்தான் அங்கே காட்டியிருக்கிறோம் என்றேன். அது உண்மையும்கூட. ஓரகத்தி முகத்தில் முறைப்பு போய், சேலையை ஒரு தடவை பெருமையாக நீவிவிட்டாள்.

ஏறக்குறைய முக்கால்வாசிச் சேலை கூடைக்குள் போயிருக்கும். திடீரென்று என் பக்கம் நின்றுவிட்டது. இழுத்தேன், வரவில்லை. அந்தப் பக்கம் அவளும் இழுத்தாள், வரவில்லை, என் சேலைதான் வெடுக்கென்று அந்தப் பக்கம் போனது. நான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள். மைக்கை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். அவள் பூக் கட்டி உரமேறிய கையால் இழுத்தாள். நாங்கள் காலை முட்டுக் கொடுத்ததில் மேசைகள் இரண்டும் கிரீச்சென்று ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. கடல் சுருங்க ஆரம்பித்தது.

"விடுக்கா" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ விடு. நான்தான் பேசணும்."

"எப்பவும் நீங்கதானே பேசறீங்க. அன்னிக்கும் அப்படித்தானே. நாலு பேரு முன்னாடி அவசரமா பொங்கிடுச்சான்னு கேட்டீங்கல்ல."

"அஞ்சு நிமிஷம் காத்திருக்க முடியலையா ஒனக்கு?"

"நல்ல நேரம் முடியுதுன்னு ஐயர் நிக்கிறாருக்கா. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஒரு போன் பண்ணிருக்கலாம்லா."

"பண்ணேன். மூணு தடவ பண்ணேன்."

இதையெல்லாம் நாங்கள் ரகசியமாகத்தான் பேசினோம். ஆனால் என் மடியில் இருந்த மைக்கை நான் அணைக்கவில்லை. கோயில் கோபுரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி வழியாக அது ஐந்து லைனுக்கும் போய்க்கொண்டிருந்தது. கடலைப் பற்றிக் கேட்க வராதவர்கள் எல்லாரும் இதைக் கேட்டு வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மாவுக் கையோடு வந்து தூணருகில் நின்றாள்.

"பண்ணியா?" என்றேன். "எனக்கு வரவே இல்லையே."

மேசைக்கு அடியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "ஆமா அண்ணி, நானும் பண்ணேன். அந்த வளைவுல லைன் கெடைக்காதுல்ல. அதான் அண்ணன் போனுக்கும் அடிச்சுப் பாத்தேன்."

நான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். வீட்டுக்காரர் இரண்டு முழங்காலுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் கால் இருந்துச்சு" என்றார். "சொல்லணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சுட்டீங்க. அப்புறம் சொன்னா என்னைத்தானே திட்டுவீங்கன்னு..."

"ரெண்டு வருஷமாவா?"

அப்போதுதான் அவர் செய்து வைத்திருந்ததைப் பார்த்தேன். நழுவிப் போய்விடக் கூடாதென்று இரண்டு சேலைகளின் கடைசி முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அந்த முடிச்சு மேசை இடுக்கில் சிக்கி நின்றிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் இழுத்தது அதைத்தான்.

ஓரகத்தியும் நானும் ஒரே நேரத்தில் சேலையை விட்டோம், ஒரே நேரத்தில் எழுந்தோம். பழைய கங்காணி பக்கத்தில் இருந்தவரிடம், "இப்பத்தான் நிலநடுக்கம் வரும் பாரு" என்றார். என் மடியிலிருந்து உருண்டு அவர் காலடியில் கிடந்த மைக் வழியாக அதுவும் ஒலிபெருக்கியில் போனது.

முதலில் சிரித்தது அவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, முக்காலியிலேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். நான் கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் மேசைக்கு அடியிலிருந்து வீட்டுக்காரர் தவழ்ந்து வெளியே வர முயன்று தலையை இடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகு கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தோம். என்னவென்று முழுதாகத் தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஆனால் பாடம் முடியவில்லை. யாராவது ஒருவர் திருப்பிச் சொல்ல வேண்டுமே. கோயில் தலைவரைக் கேட்டேன், அவர் தொண்டையைச் செருமி, கடல் ஆண்டவனுடைய படைப்பு என்று ஆரம்பித்தார். அது வேறு பக்கம் போகும் என்று தெரிந்ததும் ஓரகத்தி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"நடுவுல ஒரு வெடிப்பு இருக்கு. அது வழியா உள்ள இருக்கிற கல்லு உருகி வருது, தண்ணி பட்டதும் கெட்டியாயிடுது. நம்ம தோட்டத்துல படி வெட்டி நாத்து வைக்கிற மாதிரி வரிசை வரிசையா. நடுவுல இருக்கிறது இன்னிக்கு வச்சது, ஓரத்துல இருக்கிறது போன வருசத்துது. ஓரத்துல இருக்கிறது பாரமாயி கூடைக்குள்ள எறங்கிடுது. அது எறங்குதுல்ல, அதனாலதான் பின்னாடி இருக்கிறது எல்லாம் வருது."

நான் குறுக்கே புகுந்தேன். "அப்படி இல்ல. நடுவுல புதுசா வர்றதுதான் பழச தள்ளுது."

"எங்கக்கா தள்ளுச்சு?" என்றாள் அவள். "அவங்க ரெண்டு பேரும் அடியில சும்மாதானே குந்தியிருந்தாங்க. நான்ல இழுத்தேன். கூடையில பாதிச் சேலை விழுந்த பொறவு இழுக்கவே வேணாம், அதுவா எறங்குச்சு. பாரம்."

நான் படித்தவள், நடுவிலிருந்து வருவது தள்ளுகிறது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் தள்ளுகிறது என்று எங்கே இருக்கிறது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. காணொளியை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் வடை சாப்பிட்டார்கள். கங்காணி நான்கு சாப்பிட்டார்.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். நான் அவசரத்தில் தாண்டிப் போன பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. தரை வெடிப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகக் குளிர்ந்து கனமாகிறது. கனமான முனை பள்ளத்தில் சரிந்து இறங்கும்போது தனக்குப் பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. நடுவிலிருந்து வரும் தள்ளல் இருக்கிறது, ஆனால் பெரிய வேலையைச் செய்வது அந்த இழுப்புத்தான். ஓரகத்தி சொன்னது சரி. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதான் சொன்னேன்ல" என்றாள், பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பிறகு, "அந்தக் காந்தம் ஏன் மாறுது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "படிச்சுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். அதிலிருந்து வாரத்துக்கு ஒரு கேள்வியாவது வருகிறது.

காணொளியை வெட்டாமல் அப்படியே அனுப்பினேன், வெட்டத் தெரியாது என்பதுதான் காரணம். நல்ல மதிப்பெண் வந்தது. விரிவுரையாளர் மலாயில் குறிப்பு எழுதியிருந்தார். திருப்பிச் சொன்ன பெண்மணி மிக நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார், அவர் ஏதாவது படித்துக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டிருந்தார். கூடவே, நடுவில் சில நிமிடங்கள் தமிழில் நடந்த உரையாடல் தமக்குப் புரியவில்லை என்றும், அது எந்த நிலவியல் கருத்தை விளக்குகிறது என்றும் கேட்டிருந்தார். தரைத்தகடுகள் மோதுவதை என்று எழுதி அனுப்பினேன்.

அந்தப் புத்தகத்தின் பின்பகுதியில் எங்கள் மலையைப் பற்றியே ஒரு பத்தி இருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். மிகப் பழங்காலத்தில் இங்கே ஒரு கடல் இருந்ததாம். இரண்டு நிலப்பகுதிகள் நெருங்கி வர, நடுவில் இருந்த கடலடித் தரை முழுவதும் உள்ளே சரிந்து போய், கடலே மூடிக்கொண்டதாம். அந்தச் சமயத்தில் ஆழத்தில் உருகிய பாறை மெல்ல இறுகிக் கருங்கல்லாகி, பின்னால் மேலே எழும்பியதுதான் இந்த மலை. உள்ளே போகாமல் ஓரத்தில் நசுங்கித் தங்கிய கடலடிக் கற்கள், கம்போங் ராஜா ஊரைத் தாண்டிக் கிளந்தான் மாநிலத்துப் பக்கம் இறங்கும் சாலை ஓரத்தில் இன்னமும் இருக்கின்றனவாம்.

ஓரகத்தியிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த ஞாயிறே நான்கு பேரும் கிளம்பிவிட்டோம். வீட்டுக்காரர்தான் காடி ஓட்டினார். அவருக்குப் பேசும் உரிமை இன்னும் முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை. சாலைக்காக மலையை வெட்டிய ஓர் இடத்தில், சாம்பலும் மங்கிய சிவப்புமாக, மெல்லிய அடுக்கடுக்காகக் கல் தெரிந்தது. அடுக்குகள் நேராக இல்லை, மடிந்து வளைந்து கிடந்தன. இறங்கி நின்றோம். மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. ஓரகத்தி கல்லில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருக்கிறது என்றாள். தம்பி படம் எடுத்தார். கடலை நான் நான்காவது தடவையாகப் பார்க்கிறேன், இந்தத் தடவை அடியை மட்டும் பார்க்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கொஞ்ச தூரத்தில் பெத்தாய் என்னும் நீளமான காட்டுக் காயை விற்றுக்கொண்டிருந்த மலாய்க்காரர், காடி கெட்டுப் போய்விட்டதோ என்று நினைத்து உதவிக்கு நடந்து வந்தார். ஒன்றுமில்லை, கல் பார்க்கிறோம் என்றதும் எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓரகத்தி அவரிடம் மலாயில் விளக்கினாள். முன்னொரு காலத்தில் இந்த இடம் கடல், இந்தக் கல்லெல்லாம் அந்தக் கடலின் தரை என்றாள். நீங்கள் எந்த ஊர் என்றும் கேட்டாள்.

அவர் கல்லை ஒரு தடவை பார்த்தார். கீழே கிளந்தான் பக்கம் இறங்கும் சாலையையும் பார்த்தார்.

"நான் கிளந்தான்தான்" என்றார் மலாயில். "எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடக் கடைசி வெள்ளத்திலும் கடல்தான்."

நாங்கள் ஆளுக்கு ஒரு கட்டு பெத்தாய் வாங்கிக்கொண்டு, மழை வருவதற்குள் மலை ஏறினோம்.